ஒரு ரூம் கொதிக்குது, ஒரு ரூம் குளிருது: ரெண்டு தெர்மோஸ்டாட் மாத்தின ஒரு வீட்டு நிகழ்வு ஆய்வு

வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டுதான் இதை எழுதறேன், யார் பேரும் வராது. இதுல தப்பு பண்ணினவங்கள்ல நானும் ஒருத்தன். நான் டெல்லில பில்டிங் மெயின்டனன்ஸ் வேலையில இருக்கறவன், ஏசி, பம்ப், பேனல் இதெல்லாம்தான் என் பொழப்பு. வீட்டு வயரிங் தெரிஞ்சவங்க வேணும்னா நம்மூர்க்காரங்க எனக்குப் போன் போடுவாங்க, இந்த விஷயமும் அப்படித்தான் வந்துச்சு.

பின்னணி

தெற்கு டெல்லில மூணாவது மாடி, அதுக்கு மேல மொட்டை மாடி. நண்பர், மனைவி, ஸ்கூல் படிக்கற பையன். குளிர்காலத்துக்கு நண்பரோட அம்மா மாயவரத்துல இருந்து வந்திருந்தாங்க, வயசு எழுபதுக்கு மேல, சுகர் ரொம்ப வருஷமா இருக்கு. வெறுந்தரையில பாயோ மெல்லிசு மெத்தையோ போட்டுப் படுத்தாத்தான் முதுகு வலிக்காதுன்னு சொல்ற ரகம்.

டெல்லில பொதுவா குளிருக்கு ஆயில் ஹீட்டர், பிளோயர், இல்ல ஏசியோட ஹாட் மோட், அவ்வளவுதான். இந்த வீட்டை முதல்ல வச்சிருந்தவர் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவர், அதனால ரெண்டு பெட்ரூம்ல மட்டும் டைல்ஸுக்கு அடியில கரண்ட் ஹீட்டிங் மேட் போட்டிருந்தார். வலை மாதிரி இருக்கும், அதுல கேபிள் வளைஞ்சு வளைஞ்சு ஓடும், சதுர மீட்டருக்கு 150 வாட். பெரிய ரூம்ல 8 சதுர மீட்டர், அப்போ 1200 வாட். சின்ன ரூம்ல 6 சதுர மீட்டர், 900 வாட். பெரிய ரூம்தான் அம்மா ரூம், சின்னது பையன் ரூம்.

ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பாத்து மேட்டை ஆன், ஆஃப் பண்ற கருவி, நேரா 230 வோல்ட்ல ஓடறது. தரைக்குள்ள குழாய் வழியா ஒரு சென்சார் போகுது, தரை எவ்வளவு சூடுன்னு அதுதான் சொல்லும். இந்த வீட்டோட விசேஷம் என்னன்னா ரெண்டு தெர்மோஸ்டாட்டும் ரூமுக்குள்ள இல்ல, வெளிய நடைபாதைல ஒரே பாக்ஸ்ல பக்கத்துல பக்கத்துல. இதை ஞாபகம் வச்சுக்குங்க, எனக்கு இது சனிக்கிழமைதான் தெரிய வந்துச்சு.

2024 ஜனவரி, பொங்கலுக்கு முந்தின வாரம், ராத்திரி 4 டிகிரி பக்கம் ஓடிட்டு இருந்த சமயம். ஒரு தெர்மோஸ்டாட்ல டிஸ்ப்ளே போயிடுச்சு, இன்னொண்ணுல டிக்னு ரிலே (மேட்டுக்குக் கரண்ட் விடற உள் சுவிட்ச்) சத்தம் வருது ஆனா தரை சூடாகல. அதே மாடல் எங்கயும் கிடைக்கல, நண்பர் சாந்தினி சௌக் போயி பாகீரத் பேலஸ்ல தேடி வேற கம்பெனியோடது ரெண்டு வாங்கிட்டு வந்தார், 16 ஆம்பியர், தரை சென்சார் போடற வகை.

இதுக்கு நடுவுல மச்சினர் நியூஜெர்சில இருந்து கொண்டுவந்த வைஃபை தெர்மோஸ்டாட் ஒண்ணு பீரோல தூங்கிட்டு இருந்துச்சு, அதை மாட்டலாமான்னு என்கிட்ட கேட்டாங்க. அங்க பெரும்பாலும் கேஸ்ல எரியற ஃபர்னஸ்தான் வீட்டைச் சூடாக்கும், அதுல டிரான்ஸ்ஃபார்மர் வச்சு 24 வோல்ட்டாக் குறைச்சுதான் தெர்மோஸ்டாட்டுக்கு வயர் வரும், ஆர், டபிள்யூ, ஒய், ஜி, சி அப்படின்னு முனைகள் இருக்கும், அதுல நம்ம 230 குடுத்தா அப்பவே புகைஞ்சிடும். அதைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் சரியாச் சொன்னேன்.

வியாழக்கிழமை: மாத்தினது

தெரிஞ்ச எலக்ட்ரிக் மிஸ்திரி ஒருத்தர் மத்தியானம் வந்தார். கை வேலை நல்லா வரும், அவசரம் மட்டும் ஜாஸ்தி. ரெண்டு பழைய தெர்மோஸ்டாட்டையும் ஒரே நேரத்துல கழட்டிட்டார். போட்டோ எடுக்கல, டேப் ஒட்டல. பாக்ஸுக்குள்ள அப்போ தொங்கினது சப்ளைக்கு ரெண்டு ஜோடி, மேட்டுக்கு ரெண்டு ஜோடி, அதோட ஒரே பைப் வழியா வந்த நாலு மெல்லிசு வெள்ளை வயர், அதாவது ரெண்டு சென்சாரோட வயர், நாலும் ஒரே மாதிரி, ஒண்ணுலகூட எழுத்து கிடையாது.

பழையதுல முதல் ரெண்டு முனை சப்ளை, அடுத்த ரெண்டு மேட், கடைசி ரெண்டு சென்சார். புதுசுல முதல் ரெண்டு மேட், அடுத்த ரெண்டு சப்ளை. மிஸ்திரி முனையோட எழுத்தைப் பாக்காம இடத்தைப் பாத்து மாட்டினார். ஆன் பண்ணினா ரெண்டுமே இருட்டு. கரண்ட்டை மேட் பக்கம் குடுத்தா தெர்மோஸ்டாட்டுக்கு எப்படி உயிர் வரும், ரிலே சேராமலே கிடக்கும். கொஞ்ச நேரத்துல அவரே கண்டுபிடிச்சுட்டார். திரும்ப எல்லாத்தையும் கழட்டி சரியா மாத்தி மாட்டினார், டிஸ்ப்ளே வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், டீ குடிச்சுட்டுக் கிளம்பிட்டார். அந்த ரெண்டாவது தடவை கழட்டி மாட்டினப்போதான் வெள்ளை வயர் ஜோடி ரெண்டும் இடம் மாறியிருக்கு. அன்னிக்கு யாருக்கும் தெரியல, வெளிய பாத்தா தெரிய வழியும் இல்ல.

மூணு மணி வாக்குல அம்மா ரூமை 26 வச்சு ஓட விட்டாங்க.

வெள்ளிக்கிழமை: பாத்ததும், நான் போன்ல சொன்னதும்

காலைல நண்பர் போன். "அண்ணா, அம்மா ரூம்ல தரை நல்லா சூடா இருக்கு, ஆனா டிஸ்ப்ளேல 15தான் காட்டுது, ஆஃப் ஆகவே மாட்டேங்குது. பையன் ரூம்ல அதுக்கு நேர் எதிர், தரை ஐஸ் மாதிரி இருக்கு, டிஸ்ப்ளேல 36 காட்டுது, ஆனே ஆகல. ரெண்டு பீஸுமே டிஃபெக்ட் போல, திருப்பிக் குடுத்துடவா?"

வாட்ஸ்அப்ல போட்டோவும் அனுப்பினார். ரெண்டு தெர்மோஸ்டாட்டும் ஒரே ஃப்ரேம்ல இருந்துச்சு, இடது பக்கம் 15, வலது பக்கம் 36. நான் சைட்டுல ஒரு பம்ப் பிரச்சினைல நின்னுட்டு இருந்தேன், இடது பக்கத்தை மட்டும் பெருசாக்கிப் பாத்தேன். இப்போ அதே போட்டோவைப் பாத்தா பதில் அதுலயே இருக்கு. ஒண்ணு குளிர்ந்த ரூம் அளவைச் சொல்லுது, இன்னொண்ணு சூடான ரூம் அளவைச் சொல்லுது. அது தவிர ரெண்டும் ஒரே சுவத்துல ஒட்டிட்டு இருக்கறதும் அந்தப் போட்டோலயே இருந்துச்சு, அதைப் பாத்தாவது "இது ரூமுக்குள்ளயா இருக்கு?"ன்னு கேட்டிருக்கணும். கேக்கல.

நான் சொன்னது இதுதான்: "அம்மா ரூம் சென்சார் போயிருக்கும். மெனுல தரை சென்சாரை விட்டுட்டு காத்து சென்சார்னு மாத்துங்க, 24 வைங்க, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்."

தெர்மோஸ்டாட் உடம்புக்குள்ளயே ஒரு சென்சார் இருக்கும், சுத்தி இருக்கற காத்தை அது அளக்கும், தெர்மோஸ்டாட் ரூம் சுவத்துல இருந்தா அது ஓரளவுக்கு வேலை செய்யும். இங்க இருந்ததோ நடைபாதை, கதவிடுக்கு வழியா ஜில்லுனு காத்து வர்ற இடம், அங்க 13 டிகிரி. அது எந்தக் காலத்துலயும் 24 ஆகாது. அது மட்டுமில்ல, காத்து மோடுக்கு மாத்தினா, தரை இவ்வளவுக்கு மேல சூடாகக் கூடாதுங்கற மேல் வரம்பும் போயிடுது. ஏற்கனவே ஓயாம ஓடிட்டு இருந்ததை இனிமே எதுவும் நிறுத்தாதுங்கற நிலைமைக்கு நான் கொண்டுபோயி விட்டேன்.

பையன் ரூம்ல எதுவும் பண்ணல, ஆயில் ஹீட்டர் வச்சுக்கிட்டாங்க.

வெள்ளி ராத்திரி, சனி காலை

தரை கதகதன்னு இருந்ததால அம்மா கட்டில்ல படுக்காம கீழ மெத்தை போட்டுப் படுத்தாங்க. மெத்தை சின்னது, கால் வெளிய டைல்ஸ் மேல. அதுக்கு மேல கனமான ரஜாய், அதாவது பஞ்சு அடைச்ச போர்வை. தரைல இருந்து வர்ற சூடு வெளிய போக வழியில்லாம ரஜாய்க்குள்ளயே தங்கியிருக்கு. மேட் போடறப்போ குடுக்கற புத்தகத்துல காலில்லாத பீரோ, மெத்தை, தடிமனான கம்பளம் எதையும் அந்த இடத்துல போடக்கூடாதுன்னு இருக்கும், காரணம் இதுதான், மூடின இடத்துல சூடு ஏறிட்டே போகும். அந்த ரஜாய்க்கு அடியில எவ்வளவு டிகிரி இருந்துச்சுன்னு யாரும் அளக்கல. ஆனா 44 டிகிரி பக்கத்துல ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டாலே தோல் வெந்துடும், கொதிக்கற அளவுக்குப் போகணும்னு அவசியமே இல்ல.

நமக்குன்னா சுடுதுன்னு தூக்கத்துலயே காலை இழுத்துப்போம். சுகர்ல பாதத்துல உணர்ச்சி குறைஞ்சவங்களுக்கு அது தெரியாது. காலைல ஆறு மணிக்கு எழுந்து நடந்தப்போ மருமகதான் பாத்தாங்க, இடது குதிகால்ல ரூபாய் காசு அளவுக்குக் கொப்பளம், சுத்திச் சிவப்பு. அம்மா சொன்னது: "எனக்கு ஒண்ணும் வலிக்கலையேம்மா." நண்பர் உடனே அந்த லைனோட எம்சிபி சுவிட்சை இறக்கிட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனார். வீட்டுல தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாங்க, டாக்டர் அதை முதல்ல கழுவிட்டு கொப்பளத்தை உடைக்காம கட்டுப் போட்டார், சுகர்காரங்க காலுங்கறதால ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காட்டச் சொன்னார்.

எனக்கு விஷயம் தெரிஞ்சது காலைல ஒன்பது மணிக்கு. ஞாயிறு வரைக்கும் தள்ள முடியல, சனி சாயங்காலமே போயிட்டேன்.

சனி சாயங்காலம்: உள்ள திறந்தப்போ

முதல்ல எம்சிபி ரெண்டும் இறங்கியிருக்கான்னு டெஸ்டர் வச்சு, அப்புறம் மல்டிமீட்டர் வச்சும் பாத்தேன். அப்புறம்தான் தெர்மோஸ்டாட்டைச் சுவத்துல இருந்து எடுத்தேன், இந்தத் தடவை போட்டோ எடுத்து, மாஸ்கிங் டேப்ல எண் போட்டு.

மேட் வயர் சரியா வந்திருக்கான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. 230ஐ 230ஆல பெருக்கி வாட்டால வகுத்தா ஓம் வரும், 1200 வாட்டுக்கு 44, 900 வாட்டுக்கு 59 பக்கம். இடது தெர்மோஸ்டாட்டுக்கு வந்த மேட் ஜோடி 44.3 காட்டுச்சு, வலதுக்கு வந்தது 58.6. அப்போ மேட் மாறல, அம்மா ரூம் தெர்மோஸ்டாட் அம்மா ரூமைத்தான் சூடாக்குது. மேட் அறுந்தும் போகல.

அடுத்து சென்சார் வயர். இது 25 டிகிரில 10 கிலோ ஓம் இருக்கற வகை, குளிரக் குளிர ஓம் ஏறும், சூடாக ஆக இறங்கும். ரெண்டு வயரை மாத்தி மாட்டினாலும் ஒண்ணும் ஆகாது, அதுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது. இடது ஜோடி 16.6 கிலோ ஓம், அதாவது 14 டிகிரி. வலது ஜோடி 13.1, அதாவது 19 டிகிரி. ரெண்டுமே நல்ல சென்சார்! நான் போயிடுச்சுன்னு சொன்ன சென்சார் அருமையா வேலை செஞ்சுட்டு இருக்கு. கையை வச்சுப் பாத்தா அம்மா ரூம் தரைதான் இன்னும் லேசா வெதுவெதுப்பா இருந்துச்சு, ஆனா 19 டிகிரின்னு சொல்றது பையன் ரூம் தெர்மோஸ்டாட்டுக்கு வந்த ஜோடி. அப்பவே புரிஞ்சுடுச்சு.

இருந்தாலும் நிச்சயம் பண்ணிக்கணுமே. பழைய ஓனர் விட்டுட்டுப் போன ஃபைல்ல டைல்ஸ் ஒட்டறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருந்துச்சு, சென்சார் குழாய் கதவு நிலைல இருந்து எங்க போகுதுன்னு அதுல தெளிவாத் தெரிஞ்சுது. அம்மா ரூம்ல அந்த இடத்துல ஹாட் வாட்டர் பேக்கை வச்சுட்டு வெளிய மீட்டரைப் பாத்துட்டு நின்னோம். நண்பரோட பையன்தான் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணை நோட்டுல எழுதினான். இடது ஜோடி 16.6லயே நின்னுச்சு. வலது ஜோடி 13.1, 12.9, 12.5, பத்து நிமிஷத்துல 11.8. அம்மா ரூம் தரையோட சூட்டைப் பையன் ரூம் தெர்மோஸ்டாட் படிக்குது. பையன் ரூம் தரையைப் படிச்சுட்டு அம்மா ரூம் தெர்மோஸ்டாட் "இன்னும் குளிருது, இன்னும் குளிருது"ன்னு ஓட்டியிருக்கு. வியாழன் மூணு மணில இருந்து சனி காலை ஆறு வரைக்கும் 39 மணி நேரம், 1.2 கிலோவாட், கிட்டத்தட்ட 47 யூனிட் நிக்காம ஓடியிருக்கு.

பாக்ஸ்ல தேடாம கிடைச்சது ஒண்ணும் உண்டு. மேட்டோட கேபிளைச் சுத்தி ஒரு உலோகப் பின்னல் வரும், அதை எர்த்துல சேக்கணும், எப்பவாவது கேபிள் தோல் உரிஞ்சா கரண்ட் அது வழியாப் போயி ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா லைனை உடனே நிறுத்தற சுவிட்ச்) விழணும்ங்கறதுக்காக. இங்க ரெண்டு பின்னலையும் முறுக்கி கறுப்பு டேப் சுத்தி ஓரமாத் திணிச்சு வச்சிருந்தாங்க. தெர்மோஸ்டாட்ல எர்த் முனை இல்லையாம், அதனால. பழைய டேப், பிசுபிசுன்னு இருந்துச்சு, அதனால இது வியாழக்கிழமை நடந்த வேலை இல்ல, பல வருஷமாவே அப்படித்தான். சரி ஆர்சிசிபியாவது இருக்கான்னு பாத்தா இந்த ரெண்டு லைனும் அதுக்குள்ளயே வரல.

எடுத்த முடிவுகள்

அன்னிக்கு ராத்திரியே சென்சார் ஜோடியை மாத்தி மாட்டி ஓட விட்டிருக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை. நண்பரும் அதைத்தான் கேட்டார், அம்மாவுக்குக் குளிருமேன்னு. நான் ஒத்துக்கல. எர்த் இல்லாத கேபிள் 39 மணி நேரம் முழு லோடுல ஓடியிருக்கு, இன்சுலேஷன் எப்படி இருக்குன்னு தெரியாம மறுபடி கரண்ட் குடுக்க மனசு வரல. ராத்திரிக்கு ஆயில் ஹீட்டர், அம்மா கட்டில்ல.

ஞாயிறு போகி. ஆபீஸ்ல இருந்து மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கற மீட்டர்) எடுத்துட்டு வந்தேன், 500 வோல்ட்ல கேபிளுக்கும் பின்னலுக்கும் நடுவுல போட்டுப் பாத்ததுல ரெண்டு மேட்டுமே 200 மெகா ஓமுக்கு மேல, அதாவது அடி எதுவும் படல. பழைய தெர்மோஸ்டாட் ரெண்டையும் போகிக்குத் தூக்கிப் போட எடுத்து வச்சிருந்தாங்க, நல்ல வேளை இன்னும் போடல, அதோட பின்பக்கம் பாத்து பழசும் 10 கிலோ ஓம் சென்சாருக்குத்தான்னு உறுதி பண்ணிக்கிட்டேன். இது முக்கியம், சில கம்பெனி வேற அளவு சென்சார் வைக்கும், அப்போ வயர் சரியா இருந்தாலும் காட்டற டிகிரி தப்பா இருக்கும்.

மிஸ்திரியையும் கூப்பிட்டோம். திட்டறதுக்காகக் கூப்பிடல, அவர் இந்த வேலையைத் திரும்பப் பாக்கணும்னு எனக்குத் தோணுச்சு. பின்னல் ரெண்டையும் கனெக்டர் போட்டு எர்த் வயரோட சேத்தார். ரெண்டு லைனுக்கும் சேத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒண்ணு போட்டார். சென்சார் ஜோடியை மாத்தி, அம்மா ரூமுக்குச் சிவப்பு டேப், பையன் ரூமுக்கு நீல டேப். மெனுல காத்து மோடை எடுத்துட்டு தரை மோடு, மேல் வரம்பு 28.

அதுக்கப்புறம்

ஒவ்வொரு ரூமாத் தனித்தனியா ஓட்டிப் பாத்தோம், ஒண்ணை ஓட்டறப்போ இன்னொண்ணோட எம்சிபி கீழ. அம்மா ரூம் ஓடினா அம்மா ரூம் எண் மட்டும் ஏறுச்சு, 26 வந்ததும் டிக்னு ஆஃப் ஆச்சு. வியாழக்கிழமையே இந்தச் சோதனையைப் பண்ணியிருந்தா அரை மணி நேரத்துல தெரிஞ்சிருக்கும். திருப்பிக் குடுக்கறதா இருந்த ரெண்டு "டிஃபெக்ட்" பீஸும் இன்னிக்கு வரைக்கும் அதே சுவத்துல ஓடுது.

குதிகால் ஆற மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. சீழ் பிடிக்கல, அது அதிர்ஷ்டம். அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கோவமாச் சொல்லல, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. நண்பர்கிட்ட நானே சொன்னேன், காத்து மோடுக்கு மாத்தச் சொன்னது என் தப்புன்னு. அவர், "நீங்க சொல்லாட்டியும் ஓடிட்டுதானே இருந்திருக்கும் அண்ணா"ன்னார். உண்மைதான், ஆனா நான் அன்னிக்கு "எம்சிபியை இறக்கி வைங்க"ன்னு சொல்லியிருந்தா ஓடியிருக்காது.

இப்போ மாத்திச் செய்றது

போன்ல யார் ஹீட்டர் பிரச்சினை சொன்னாலும் இப்போ முதல்ல ஆஃப் பண்ணச் சொல்றேன், மீதி அப்புறம். தரை தொட்டா சூடா இருக்கு ஆனா டிஸ்ப்ளே குளிருதுங்குதுன்னா, சென்சாரை ஓரங்கட்டிட்டு ஓட்டறதுக்கு வழி சொல்றதில்ல. தெர்மோஸ்டாட் எங்க மாட்டியிருக்கு, வீட்டுல வேற எத்தனை இருக்கு, அந்த ரூம்ல யார் படுக்கறாங்க, இந்த மூணையும் கேக்கறேன். புதுசா வாங்கின ரெண்டு பொருள் ஒரே நாள்ல எதிரெதிரா கெட்டுப்போச்சுன்னு யாராவது சொன்னா, பொருளை விட்டுட்டு வயரைப் பாக்கறேன்.

ரெண்டு இருந்தா ஒண்ணை முழுசா முடிச்சு ஓட்டிப் பாத்துட்டுத்தான் அடுத்ததைக் கழட்டணும்னு மிஸ்திரிகிட்ட சொன்னேன், அவர் ஒத்துக்கிட்டார், ஆனா ஒரு நாளைக்கு நாலு வீடு பாக்கறவருக்கு அது எவ்வளவு தூரம் நடக்கும்னு எனக்கே சந்தேகம்தான். டேப்பாவது ஒட்டுவார். பாக்ஸ் மூடிக்குள்ள மார்க்கர்ல "அம்மா 44 ஓம், பையன் 59 ஓம், சென்சார் 25ல 10 கிலோ ஓம்"னு எழுதி வச்சிருக்கோம்.

அம்மா ரூம் இப்போ ராத்திரி பத்து மணிக்கே ஆஃப், திரும்ப காலைல நாலு மணிக்கு 24ல ஆன் ஆகற மாதிரி வச்சிருக்கு. அஞ்சு மணிக்கு அவங்க எழுந்து விளக்கேத்த வர்றப்போ தரை ஜில்லுனு இருக்காது. வீட்டுக்குள்ள செருப்பு போடச் சொல்லி டாக்டர் சொன்னதுக்கு, சாமி ரூமுக்குச் செருப்போட போகமாட்டேன்னு ஒரே பிடிவாதம். கடைசில மருமக கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கிக் குடுத்தாங்க, அதை மட்டும் போட்டுக்கறாங்க.